தோற்பதற்கு ஒரு நேர்த்தி

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள். மூத்தவர் சொன்னார்: "சனிக்கிழமை என்ர மகன்ர அணி தோத்தாத் தேங்காய் உடைக்கிறன் எண்டு ஊன்ட்றொப் கோயில் அம்மாளுக்கு நேர்ந்திட்டன்."

"ஐயோ அக்கா, ஏன்? பேஸ்போல் இறுதிச் சுற்றெல்லோ!"

"ஞாயிறு மகளுக்கு அரங்கேற்றம். அவன்தான் மிருதங்கம். தோத்தா வீட்டை வந்திடுவான்."

"இப்ப எப்பிடி நிக்கினம்?"

"ரெண்டு வெற்றி, ஒரு தோல்வி."

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்துப் பதறினேன். இளையவர் சிரித்தே விட்டார்.

"அக்கா, அது அஞ்சு ஆட்டம். முதல்ல மூண்டு ஆட்டம் வெல்லுற ஆக்களுக்குத்தான் கிண்ணம். சனி வெண்டா அதோட சரி. தோத்தா ரெண்டுக்கு ரெண்டு. ஞாயிறு அஞ்சாவது ஆட்டம் வைப்பினம்!"

"அம்மாளே! இப்பவே போய் மாத்தி நேரவேணும்."

"ஓம், இறங்கினதும் போவம். டொக்டரிட்ட மாதிரி அம்மாளிட்ட டெர்மின் எடுக்கத் தேவையில்லை."

ரயிலோ தாமதம். கோயில் நடை சாத்திவிடுமே என்று எனக்குத்தான் கவலை. மூத்தவர் நிதானமாக விரல்களை மடித்தார்.

"அப்ப அஞ்சு தேங்காய் வாங்குவம். முதல் மூண்டும் நல்லா உடைஞ்சா, மிச்சம் ரெண்டும் கறிக்கு."