பின் டயர் சோதனை

இல்ல தம்பி, சின்னக் கல்லு இல்ல. முட்டி ஒசரத்துக்கு இருக்கும், கருங்கல்லு, மேல வழவழன்னு. இந்தப் புளியமரத்துக்கு நேரா ரோட்டோரத்துல கெடந்துச்சி. போன வாரம் கூடப் பாத்தேன். நீங்க இந்தப் பக்கந்தானே, பாத்திருப்பீங்களே? ரோடு அகலம் பண்றாங்களா? ஆங், அதான் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஊருல எத்தனையோ கல்லு கெடக்குது, அந்த ஒரு கல்லுதான் அவங்க கண்ணுல பட்டுச்சி.

ஒக்காரத்தான் தேடறேன், வேற எதுக்கு. விடுங்க. நீங்க பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா, பாண்டிக்கா? பலாப்பழம் வாசன தூக்குது. சம்பந்தி வூட்டுக்கா? அப்ப சரிதான், பெரிசா எடுத்துட்டுப் போனாதான் மரியாத.

நான் பஸ்ஸுல வரலீங்க. அதோ, மரத்துல சாச்சி வெச்சிருக்கேனே, அதுலதான். பெழோ சைக்கிளு, பிரான்சுக்காரன் செஞ்சது. ஆலையில வேல பாத்தப்ப வாங்குனது. நான் ரிட்டயர்டு ஆயிட்டேன், அது இன்னும் ஆவல. முதலியார்பேட்டையிலேருந்து மிதிச்சிக்கிட்டு வர்றேன். இங்க என்ன வேலையா? ஒரு வேலையும் இல்ல. ஞாயித்துக்கெழம விடியக்காலம் கெளம்பி, அரியாங்குப்பம், நோணாங்குப்பம் பாலம், தவளக்குப்பம்னு வந்து, இந்த முள்ளோடைய எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போறது. அவ்ளோதான். சிரிங்க, பரவால்ல. எங்க தெருவுல எல்லாரும் சிரிச்சி முடிச்சிட்டாங்க, நீங்கதான் பாக்கி.

முன்னல்லாம் இந்தத் தூரம் ஒரு தூரமே இல்ல தம்பி. கடலூர் போயி கெடிலத்துல குளிச்சிட்டு, பொழுது சாயறதுக்குள்ள வூட்டுல இருப்போம். இப்ப என் கதையக் கேளுங்க. தவளக்குப்பம் தாண்டுனா கிரீச் கிரீச்சுன்னு ஒரு சத்தம். செயின்ல எண்ண இல்லன்னு நெனச்சி ரெண்டு வாட்டி எண்ண வுட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சிச்சி, சத்தம் வண்டியில இல்ல, என் முட்டியில. சீட்டு குத்துதுன்னு எங்க வூட்டுல எலவம்பஞ்சு வெச்சி மெத்த தெச்சிக் குடுத்தா. அதுல ஒக்காந்து போனா புள்ளத்தாச்சி மாட்டு வண்டியில போற மாதிரி இருக்குதாம், தெருவுல சொல்றாங்க. காலையில ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா நடுவுல எறங்கணும் பாருங்க, அதான்.

இன்னிக்குப் பாலத்து மேட்டுல ஏறிக்கிட்டு இருக்கேன், பின்னாடியே ஒரு அம்மா, தலையில மீன் கூடை. நடந்தே என்னத் தாண்டிடுச்சி. தாண்டிட்டுப் போனாலும் பரவால்ல. திரும்பிப் பாத்து, எறங்கித் தள்ளிக்கிட்டு வாங்களேன் பெரியவரே, வெரசா வந்துடலாம்னு சொல்லிட்டுப் போச்சி. கூடையிலேருந்து தண்ணி சொட்டுது, அது பின்னாடியே நான் மோப்பம் புடிச்சிக்கிட்டு வர்றேன், பூன மாதிரி.

ஆனா பாலத்துக்கு அந்தாண்ட எறக்கம் இருக்குது பாருங்க! மிதிக்கவே வேணாம். கடக்காத்து சட்டைக்குள்ள பூந்து முதுவுல பொடைச்சிக்கிட்டு நிக்கும். முட்டி சத்தம் கெடையாது, இடுப்பு வலி கெடையாது, நான் ரிட்டயர்டு ஆனதே ஞாபகத்துல இருக்காது. அந்த எறக்கத்துக்காகத்தான் தம்பி வர்றேன். மணி அடிச்சிக்கிட்டே எறங்குவேன், முன்னாடி யாருமே இல்லன்னாலும்.

பஸ்ஸா? வண்டிய மேல ஏத்திக்கிட்டு உங்க கூட வர்றதா? ஐயையோ, அந்தப் பேச்சே எடுக்காதீங்க. போன மாசம் அப்பிடித்தான் போனேன். செயின் அறுந்து போச்சின்னு வூட்டுல சொன்னேன். எங்க வூட்டுல பேரு குஞ்சம்மாள், அவளும் ஆலையில நூல் சுத்துனவதான். குனிஞ்சி செயினப் பாத்தா, என்னப் பாத்தா. சோறு போடறப்பதான் சொன்னா. இன்னொரு வாட்டி இந்த வண்டி பஸ்ஸு மேல வந்து எறங்குச்சின்னா, நேரா வில்லியனூரு மாப்ள வூட்டுக்குப் போயிடும், பால் ஊத்தவாவது ஆவட்டும்னு. என் பெழோவுல பால் கேன்! அவ சொன்னா செய்வா. கண்டக்டரு சாமிக்கண்ணு எங்க தெருவுதான், நான் மறைச்சாலும் அவன் மறைக்க மாட்டான். அதனால எப்பிடியாவது மிதிச்சிக்கிட்டே வூடு போய்ச் சேரணும். போயிடுவேன். இதோ கெளம்பிடறேன்.

வேட்டியில மண்ணா? எங்க? அது சும்மா. முழங்கையில செராப்பா? அதுவும் சும்மாதான். அந்த மதகு மேல கொஞ்சம் ஏறிப் பாத்தேன், சறுக்கி வுட்டுடுச்சி. முள்ளோடைன்னு பேரு வெச்சவன் தெரிஞ்சிதான் வெச்சிருக்கான்.

கேளுங்க, இங்கதான் சுங்கச்சாவடி இருந்துச்சி. நீங்க அப்ப எங்க இருந்தீங்க, பண்ருட்டியா? அப்ப தெரிஞ்சிருக்காது. அந்தாண்ட பிரெஞ்சுக்காரன் ஊரு, இந்தாண்ட இந்தியன் யூனியன், நடுவுல ரோட்டுக்குக் குறுக்க ஒரு மூங்கிலு. இங்க குடிக்கக் கூடாது, எங்க ஊருல தாராளம். சைக்கிள் டியூபுல சாராயத்த ரொப்பிக்கிட்டு வருவானுங்க. அதனால சாவடிக்கு முன்னாடியே எறங்கி வண்டியத் தள்ளிக்கிட்டு வரணும். சாவடிக்காரரு அந்தக் கல்லு மேல ஒரு காலத் தூக்கி வெச்சிக்கிட்டு நிப்பாரு. குனிஞ்சி பின் டயர அமுக்கிப் பாத்துட்டு, சரி, போன்னுவாரு. எங்கடா போறீங்கன்னு கேப்பாரு. காத்து வாங்கன்னு சொன்னா சந்தேகம் வந்துடும், இன்னும் ரெண்டு வாட்டி அமுக்குவாரு.

நாங்கன்னா, நானும் உத்திராபதியும். ஆலையில ஒரே ஷிப்டு. எப்பவும் ரெண்டு பேரும் சேந்துதான் வருவோம்.

கொடி மாறிச்சி, சாவடியப் பிரிச்சிட்டாங்க, மூங்கில எவனோ பந்தலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். நேராப் போலாம், ஏன்னு கேக்க ஆளு இல்ல. ஆனா இந்த எடம் வந்தா காலு தானா எறங்கிடுது தம்பி! அவ்ளோ அதட்டு வாங்குன காலு. இன்னிக்கும் அப்பிடித்தான். கல்லு இருக்குதான்னு பாக்கக் கூட இல்ல, எறங்கிட்டேன். எறங்குனப்புறந்தான் பாக்கறேன், கல்லக் காணோம்.

அந்த உத்திராபதி என்னா பண்ணுவான்னா, சாவடி போனப்புறமும் அந்த வெளையாட்ட வுடல. ரெண்டு பேரும் எறங்குவோம். இவன் சாவடிக்காரரு மாதிரி மொறப்பா என் வண்டிக்குப் பின்னாடி வந்து நிப்பான். ஒரு கையால கேரியரப் புடிச்சிக்குவான், ஒரு கையால டயர அமுக்குவான். ம், என்னா கடத்தறேன்னுவான். நான் ஏறி ஒக்காந்தப்புறம், சரி, போடான்னுவான். வாரா வாரம் இதேதான். என்னை வுட மூத்தவன், இன்னும் சின்னப்புள்ள மாதிரி வெளையாடறியேடான்னு கேலி பண்ணுவேன். சிரிப்பான். போன ஐப்பசி மழையில காய்ச்சல் வந்து போயிட்டான்.

அதோ தூசி தெரியுது, பஸ்ஸுதான். இருங்க, இருங்க, கை காட்டாதீங்க. அது வர இன்னும் நேரம் இருக்குது. அந்தப் பலாப்பழத்தக் கொஞ்சம் கீழ வெச்சிட்டு இப்பிடி வாங்க. கேரியரப் புடிங்க, கெட்டியா. எனக்குக் காலு சீட்டுக்கு மேல எழும்பல தம்பி, அவ்ளோதான் விஷயம். வூட்டுல வாசப்படியில நின்னு ஏறிடுவேன், இங்க அந்தக் கல்லுல நின்னு ஏறுவேன். அவன் போனப்புறம் மொத வாட்டி தனியா வந்து, எறங்கி, ஏற முடியாம நின்னேன் பாருங்க, அன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சி அவன் எதுக்கு வெளையாடுனான்னு. அவன் செத்தன்னிக்குக் கூட அப்பிடி அழுவல, இந்த மரத்தடியில நின்னு அழுதேன். அப்புறந்தான் பஸ்ஸுல போனேன், கல்லுல நின்னு ஏறுற யோசன அடுத்த வாரந்தான் வந்துச்சி.

புடிச்சிட்டீங்களா? என்னைப் பாக்காதீங்க. டயரப் பாருங்க. அமுக்குங்க. அப்பிடித்தான்... இந்தா... ஆச்சி, ஒக்காந்துட்டேன். இப்ப, சரி, போடான்னு சொல்லுங்க. வயசுல பெரியவருன்னெல்லாம் பாக்க வேணாம், சும்மா சொல்லுங்க. போடான்னாதான் எனக்குக் காலு மிதிக்கும்.