இரட்டைக் கரு

முட்டையை அகலமான பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தலைகீழாகத்தான் வைக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் காற்றறை இருக்கிறது. ஓட்டை உடைப்பதற்கு முன்னால் குஞ்சு தன் முதல் மூச்சை அங்கேதான் இழுக்கும்.

குஞ்சு பொரிப்பகத்தில் எனக்கு இருட்டறையில் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது தோதான வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை. முட்டையை விளக்கின் மேல் வைத்தால் உள்ளே இருப்பது தெரியும். நரம்பு ஓடியிருந்தால் பொரிப்புப் பெட்டிக்கு. கூமுட்டை என்றால் வாளிக்கு. இரட்டைக் கருவும் வாளிக்குத்தான். ஒருமுறை ஒன்று கை தவறிப் பெட்டிக்குப் போய்விட்டது. மற்றதெல்லாம் பொரித்த பிறகும் அது கிடந்தது. உடைத்துப் பார்த்தேன். இறகு முளைத்த இரண்டு குஞ்சுகள், இரண்டு அலகும் காற்றறையைப் பார்த்தபடி. இரண்டும் செத்திருந்தன. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

"பங்காளிச் சண்டைப்பா. ஒண்ணு விட்டுக்குடுத்திருந்தா இன்னொண்ணாவது பொழச்சிருக்கும்."

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

ஸ்கேன் அறையும் இருட்டாகத்தான் இருந்தது. டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு இருக்கும்மா. பாருங்க, ரெண்டுக்கும் துடிப்பு நல்லா இருக்கு."

என் மனைவி சிரித்தாள், அழுதாள், என் சட்டைக் கையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன்."

"ரெண்டும் பொழைக்காதே" என்றேன்.

டாக்டரம்மா நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "உங்க வீட்டம்மா கோழி இல்லைங்க."

மனைவியின் அண்ணன் இனிப்போடு வந்தார். "மாப்ளே, ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு ஜோடியா இறக்கிட்டீங்களே" என்று முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் குழந்தைத் துணி எல்லாவற்றையும் இரண்டிரண்டாகத் தைத்தாள். ஒரு பங்கை எடுத்து நான் பரணில் போட்டேன். அவள் இறக்கினாள். மறுபடி போட்டேன்.

"உங்க வாயிலதான் நல்ல வார்த்தை வராதுன்னா, கையுமா சும்மா இருக்காது?" என்றாள். அன்றிரவு அவள் என்னோடு சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் இல்லை. கோபத்தில் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

வலி நாளுக்கு முன்பே வந்தது. நல்ல வெயில் நேரம். வண்டியைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டுவிட்டேன் என்றேன். கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டையும் காப்பாற்றப் பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. அப்படிப் பார்த்தால் இரண்டும் போய்விடும். இதை அவளுக்குப் புரியவைக்க அப்போது நேரமில்லை.

முதலில் வந்தது அழுதது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்தது. அதுவும் அழுதது. ஒன்று தானாகவே கழிந்துவிடும் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படி நடக்காததால் வேலை என் தலையில் விழுந்தது.

ஒன்றைத் துண்டில் சுற்றினேன். எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டீர்கள். தேர்ந்தெடுக்கவில்லை. அது கைக்குப் பக்கத்தில் இருந்தது. மற்றதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறைத் தரையில் வைத்து, வெளியே தாழ் போட்டேன். அவள் பக்கத்தில் விட்டிருந்தால் அணைத்துச் சூடு கொடுத்திருப்பாள்.

"அதையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவளால் எழ முடியவில்லை. "உங்க கால்ல விழறேன், அதையும் எடுங்க."

"ஒண்ணு போதும், நீ படு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

துண்டில் சுற்றியதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் அம்மா எங்கே என்று கேட்டார்கள். வீட்டில் என்றேன். ஆள் அனுப்பினார்கள். அவள் குளியலறைக் கதவு வரை நகர்ந்துபோய்க் கிடந்தாளாம். அந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் உயரம். அவள் பிழைத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். உடம்பு தேறினால் சரியாகிவிடும்.

குளியலறையில் விட்டது செத்தே பிறந்தது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொல்கிறார். ஆனால் பொய் எதற்கு? கதவைச் சாத்தும்போதும் அது அழுதுகொண்டுதான் இருந்தது. உயிரோடு இருந்ததால்தான் அதை விலக்க வேண்டியிருந்தது.

நான் கொண்டுபோனது எடை ஏறுகிறது, நன்றாகப் பால் குடிக்கிறது என்று நீங்களேதான் சற்றுமுன் சொன்னீர்கள். அப்படியென்றால் நான் கணித்தது சரிதானே.