மூன்று மணி நேரப் பிசகு

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் பிரித்து, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை உட்கார வைத்தால் தீர்ந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். பதில் சொல்லத் தெரிந்த ஆள்தான் வேண்டும். மோஷியில் எங்கள் மருத்துவமனையில் அப்படி ஓர் ஆள்தான் உண்டு. நான்.

பரிசோதனைக்கூடத்துக்கு வந்த புது மென்பொருள் லினக்ஸில் மட்டும் ஓடும். வார்டுப் பதிவேடோ விண்டோஸில். இருப்பது ஒரே கணினி. டாக்டர் கிமாரோ கேட்டார், செய்து கொடுத்தேன்.

அதில் ஒரு கோளாறு வரும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பும். நம் கிழக்கு ஆப்பிரிக்க நேரத்துக்கு வித்தியாசம் மூன்று மணி நேரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் கடிகாரம் மூன்று மணி நேரம் பின்னால் நிற்கும். இணையம் வந்தால் தானே சரியாகும். எங்களுக்கு இணையம் வருவதே மதியத்தில்தான். அடியோடு திருத்த ஒரு வரிக் கட்டளை போதும்.

திருத்தத்தான் உட்கார்ந்தேன். தலைமை நர்ஸ் மன்கா மற்ற நர்ஸுகளோடு பின்னால் வந்து நின்றாள்.

“விடுங்கடி, தம்பியோட பெட்டி ரெண்டு பொண்டாட்டி கட்டிக்கிட்டிருக்கு. எந்த வீட்ல எப்போ சோறுன்னு அதுக்கே தெரியல.”

கூட்டிப் பெருக்குபவள்கூடச் சிரித்தாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். சரி செய்தாயிற்று என்று மட்டும் சொன்னேன். நம்பிவிட்டார்கள். சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை, லினக்ஸிலிருந்து மாற்றிக் கொடுத்தவன் நான்தான். வலிப்பு வந்த குழந்தைக்கு மன்கா பத்து மணிக்கு ஊசி போட்டாள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடும் மருந்து. கணினிப் பதிவில் நேரம் தானாக ஏழு என்று விழுந்தது. பன்னிரண்டரைக்கு இணையம் வந்து கடிகாரம் ஒழுங்காகிவிட்டது. ஒரு மணிக்கு வேலைக்கு வந்த நர்ஸ் அனாயேலி, ஏழு என்று படித்து அடுத்த ஊசியைப் போட்டாள். குழந்தை சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

பத்து மணிக்குத்தான் போட்டேன் என்று மன்கா அழுகிறாள். பொய்ப் பதிவு என்று நீங்கள் அவளை உள்ளே வைத்திருக்கிறீர்கள். உங்கள் நிபுணர் மூன்று நாள் அந்தக் கணினியை முறைத்துப் பார்த்துவிட்டு, ‘கடிகாரம் சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கத் தோன்றியது. இவ்வளவு மடத்தனத்தை என்னால் சகிக்க முடியாது.

அனாயேலியைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்குக் கொஞ்சம் மூளை உண்டு. மருந்தேற்றிய சிரிஞ்சோடு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, பதிவுல ஏழு மணிக்கு ஊசி போட்டதா காட்டுது. புள்ள இன்னும் மயக்கமாவே கிடக்கு. கம்ப்யூட்டர் மணி சரிதானே?”

கணினியை எட்டிப் பார்த்தேன். ஒன்று ஐந்து. சுவர்க் கடிகாரத்திலும் ஒன்று ஐந்து.

“சரிதாம்மா” என்றேன்.

காலையில் என்ன காட்டியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டதற்கு நான் பொய் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.