வராத பெருக்கல் குறி

ஒரு கம்ப்யூட்டரில் அழகாக ஓடும் ஸ்லைடு இன்னொன்றிலும் அப்படியே ஓடும் என்று நம்பக்கூடாது, சார். எழுத்து மாறும், படம் நகரும், அனிமேஷன் சில நேரம் வரவே வராது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளில் ஏறுகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன் நான். எங்கே போனாலும் முதலில் ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

ஜெரிஷை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். என் தங்கை ராஜி அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். வேறு மதம், வேறு சாதி. அப்பா சாப்பாட்டை விட்டார். நான் மட்டும் சம்மதித்தேன். "இப்படியொரு அண்ணன் யாருக்கு கிட்டும்?" என்றார்கள் தெருவில். மறுத்திருந்தால் ஓடிப்போயிருப்பாள். சம்மதித்ததால் கல்யாணம்வரை எனக்கு அவகாசம் கிடைத்தது.

அவனுக்குத் தனியாக வகுப்பெடுத்தேன். காற்றாலை உச்சியிலிருக்கும் இயந்திர அறையில் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று ஆள் தொங்கினாலும் தாங்கும். மற்றது அந்த அறையின் மேல்மூடியைத் தூக்க மட்டும். ஆள் பாரம் விழுந்தால் பிய்ந்துவிடும். ஸ்லைடில் முதலில் அந்த மூடி வளையம் வரும். அடுத்த கிளிக்கில் அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும், பக்கத்தில் சரியான வளையம் தோன்றும். வகுப்பறையின் பழைய கம்ப்யூட்டரில் இரண்டுமே வரவில்லை. வராது என்று முந்தின நாளே பார்த்திருந்தேன்.

"இதுலதானே அண்ணே பெல்ட்டு கொக்கிய மாட்டணும்?"

"படம் தெளிவாத்தானே இருக்கு, மக்கா."

சிரித்துக்கொண்டே திரையைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டான். அதைத்தான் நீங்கள் இப்போது என்னிடம் காட்டுகிறீர்கள். உங்கள் கேள்வியும் சரிதான். குறி ஒழுங்காக வரும் லேப்டாப் அன்று என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

அவன் முதன்முதலாக ஏறிய அன்று நல்ல காற்று. நான் கீழே நின்றேன். வாக்கிடாக்கியில், "மாட்டியாச்சு அண்ணே, வெளிய எறங்கட்டா?" என்றான். எந்த வளையத்தில் என்று கேட்டிருக்கலாம்.

"எறங்கு," என்றேன்.

கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ராஜி இப்போது யாரிடமும் பேசுவதில்லை. நான் ஊட்டினால் மட்டும் இரண்டு வாய் கஞ்சி குடிப்பாள். என்னை உள்ளே வைத்துவிட்டால் அவளை யார் பார்ப்பார்கள், சார்? அந்த வீட்டில் அவள்மேல் பாசமுள்ளவன் நான் ஒருவன்தான்.