கல்லில் இல்லாத பதினோராவது பெயர்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கடை கட்டினேன், லொறி வாங்கினேன், கோயிலுக்குக் கூரை போட்டேன். மண்சரிவில் செத்த பத்துப் பேருக்கும் பெயர் செதுக்கி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கல் நட்டதும் நானேதான்.

நேற்று ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கெம்பஸ் மாணவிகள்.

“ஞாபகசக்தி பரிசோதனைக்கு அந்த மண்சரிவுக் கல்லுல உள்ள பத்துப் பெயரத்தான் வாசிச்சேன். கெம்பஸ் பிள்ளைங்கள்ல பாதிப்பேர் மனசுக்குள்ள திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. மத்தவங்கள அப்படிச் சொல்ல விடாம நூறுல இருந்து பின்னுக்கு எண்ண வச்சேன்.”

“நல்லாத்தானே இருக்கு?”

“எண்ணுனவங்க எல்லாரும் பதினோராவதா ஒரே பெயர எழுதியிருக்காங்கடி!”

“நீ வாய் தவறி வாசிச்சிருப்ப.”

“எனக்கே தெரியாத பெயர எப்படி வாசிப்பேன்?”

“பேய் எழுதுச்சுன்னு சேர்கிட்ட சொல்லு, பாஸ் போடுவாரு.”

“சிரிக்காத. அந்தப் பெயர அழிச்சிட்டுத்தான் ரிப்போர்ட்டக் குடுக்கப் போறேன்.”

பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். என் பெயர், இனிஷியலோடு. செத்தவர்கள் கல்லில் உயிரோடிருப்பவன் பெயர் ஆகாது என்று தோட்டத்தார் அன்று செதுக்க விடாத பெயர்.

செத்தவர்களோடு என் பெயர் வருவது நல்ல சகுனமில்லை. ஆனாலும் சொல்கிறேன், மகள், அதை அழிக்காதே. அந்தப் பத்துப் பேரோடு சேர்க்காமல், கீழே தனியாக, கல்லை நட்டவர் என்று போடு.