காட்டாத குழந்தை

இரவு எட்டைத் தாண்டிய நேரம். ஆம்பூர் பக்கமிருந்து ஒடுகத்தூர் போகும் ரோடு. ஒரு பக்கம் வேர்க்கடலைக் கொல்லை, மறுபக்கம் வெறும் இருட்டு. கிறிஸ்டினாவின் ஸ்கூட்டி ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றது... பெட்ரோல் இல்லை. குற்றவாளி அவளேதான். வகுப்பில் தான் அடித்த ஜோக்கை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு வந்ததில், பங்க் போனதே தெரியவில்லை.

நம்ம வஜீதா இருக்கிறாளே, அவள் அக்காவுக்கு டீச்சர் இந்தக் கிறிஸ்டினா. அதனால் கதை சுத்த நிஜம். போர்வையை இழுக்காதீர்கள், எனக்கும் கால் இருக்கிறது.

பிரசவம் பார்க்கப் படிக்கும் பெண்களுக்குத் தொழில் நெறி சொல்லித்தருவது அவள் வேலை. அன்றைய பாடம், தாயிடம் பொய் சொல்லாதே. குழந்தை இறந்து பிறந்தால், "பெட்டியில வெச்சிருக்குது, டாக்டர் பாக்கறாங்க" என்று இன்குபேட்டரைச் சாக்குச் சொல்லி நாள் கடத்துவது வார்டில் பழகிப்போன ஒன்று. அப்படிச் சொல்கிற வாயில் ஃபினாயில் ஊற்றணும் என்று கைதட்டல் வாங்கினாள். அந்த வேகத்தில், பாடத்துக்கு வைத்திருந்த பொம்மைக் குழந்தை மேல், மேஜையில் இருந்த தன் டிபன் சாம்பாரையும் கொட்டினாள். கழுவிக் கொண்டுவர அதைத் துவாலையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தாள்.

பொம்மையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். அதுவரை கூடவே வந்த தோல் ஃபேக்டரி நாற்றம் சட்டென்று அறுந்தது. பதிலுக்கு டெட்டால்... டெட்டாலுக்கு அடியில் பச்சை ரத்தம். அப்புறம் ஒரு சத்தம். சொட்... சொட்...

மழை இல்லை.

மைல்கல் ஓரமாக ஒருத்தி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிப் பச்சை கவுன். சொட்டியது அவள் காலிலிருந்து.

"சிஸ்டர், அது என் கொழந்தயா?"

"இல்லம்மா. பொம்மை இது."

"என்துதான் இன்னும் காட்டவே இல்ல."

அப்போது ஷூ கம்பெனி வேன் ஒன்று வளைவில் திரும்பியது. வெளிச்சம் அவள்மேல் விழுந்தது... பின்னால் இருந்த மைல்கல்லில் 'ஒடுகத்தூர்' என்ற எழுத்து, அவள் வயிற்றின் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. வேன் நிற்காமல் போயிற்று.

கிறிஸ்டினாவின் வாய் தானாகத் திறந்தது. "பெட்டியில வெச்சிருக்குதும்மா. டாக்டர் பாக்கறாங்க."

அவள் தலையாட்டினாள். பலபேர் சொல்லிக் கேட்ட தலையாட்டல். திரும்பிப் போய், மைல்கல் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாங்கிக்கொள்கிற மாதிரி ரெண்டு கையும் மடியில் விரிந்திருந்தன.

கிறிஸ்டினா ஓடினாள். வண்டியோடு எவ்வளவு ஓடமுடியுமோ அவ்வளவு. அப்புறம் நின்றாள். உயிரோடு பிறந்திருந்தால் உடனே தூக்கிக் காட்டி, 'இன்னா கொழந்த, நீயே சொல்லு' என்று தாயின் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். காட்டவே இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை அந்தத் தாயிடம் யாரும் சொல்லவில்லை. இந்த வழியாக வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஃபினாயில் டீச்சர் உட்பட.

தைரியமெல்லாம் இல்லை. ஆனாலும் வண்டியைச் சாய்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவளுக்கு எதிரில், மண்ணில் உட்கார்ந்தாள்.

"யம்மா... நான் பொய் சொல்லிட்டேன். பெட்டியில ஒண்ணுமில்ல. கொழந்த தவறிடுச்சு."

சொட்டுகிற சத்தம் நின்றது. கொல்லையில் பூச்சிகூடக் கத்தவில்லை.

இனி போய்விடுவாள் என்று கிறிஸ்டினா காத்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. விரித்த கை விரித்தபடியே இருந்தது.

"அதான் சொல்லிட்டேனே தாயி. இன்னும் இன்னாத்துக்கு ஒக்காந்துனு இருக்க?"

அவள் முதல்முறையாகக் கிறிஸ்டினாவின் முகத்தைப் பார்த்தாள்.

"செத்துப்போச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும் சிஸ்டர். அது அழவே இல்லியே... பொண்ணா பையனான்னுதான் யாரும் சொல்லல. அது தெரியாம இன்னா பேரு வெக்கறது? அந்தக் கொல்லையிலதான் எங்கியோ இருக்குது. பேரு சொல்லிக் கூப்ட்டாத்தான வரும்."