பழைய வயருக்கு ஒரு டிரைவர்

— மறுபடியும் மஞ்சள் முக்கோணம் வந்துடுச்சு, புட்டதாயம்மா. இந்தச் சனியன் பிடிச்ச வயரை என் லேப்டாப் ஏத்துக்கவே மாட்டேங்குது.

— அப்படின்னா விட்டுடேன், ரூபா. எங்க வீட்டுக்காரரோட காது மெஷினும் பழசு, உன் வயரும் பழசு. நாங்க வீட்டுக்குக் கிளம்பறோம்.

— காலையிலேர்ந்து ஒரு காபி கூடக் குடிக்காம என் கடையில உக்காந்திருக்கார் மனுஷர். சும்மா எப்படி அனுப்பறது? மெஷின்ல கோளாறே இல்ல. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கணும், அவ்வளவுதான். அதுக்கு மெஷினைத் திருத்தற இந்தப் பெட்டி லேப்டாப்போட பேசணும். பேசணும்னா நடுவுல இந்த வயர். வயருக்கு ஒரு டிரைவர்.

— டிரைவருக்கா பஞ்சம்? அதோ இருக்காரே, காலமெல்லாம் மடிக்கேரி பஸ் ஓட்டினவர். அவரைக் கேளு.

— சிரிக்க வைக்காதீங்கம்மா, நானே அழற நிலைமையில இருக்கேன். இது ஒரு சின்ன புரோகிராம். பழைய லேப்டாப்ல இருந்துச்சு, அது போன மாசம் செத்துப் போச்சு. வயர் பண்ணின கம்பெனிக்கு போன் போட்டா அந்த நம்பர்ல யாரோ பேக்கரிக்காரர் எடுக்கறார். கூட வந்த சிடி இருக்கு, ஆனா புது லேப்டாப்ல சிடி போடற வாயே கிடையாது. நெட்ல தேடினா பக்கம் பூரா 'டவுன்லோடு' பட்டன். எதைத் தொட்டாலும் சீட்டாட்ட விளம்பரம் வந்து நிக்குது.

— அப்ப கிடைக்கவே கிடைக்காதுன்னு சொல்லு.

— கிடைச்சுதும்மா. அதுதான் வயித்தெரிச்சல். பழைய டிரைவரைப் போட்டேன், பெட்டியில விளக்கும் எரிஞ்சுது. தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள இந்த லேப்டாப் தானாவே நெட்லேர்ந்து புது டிரைவரை இறக்கி, பழசைத் தூக்கிக் கடாசிடுச்சு. புதுசுக்கு இந்த வயர் ஆகாது. நான் போட, அது எடுக்கன்னு காலையிலேர்ந்து இதே கூத்து.

— சாமியே வேண்டாங்குது. விட்டுடு.

— ஏன் விட்டுடு விட்டுடுன்னே சொல்றீங்க? வேற யாராவதா இருந்தா இந்நேரம் என் கழுத்தைப் பிடிச்சிருப்பாங்க.

— மெதுவாப் பேசு.

— அவருக்குத்தான் ஒண்ணும் கேக்காதே.

— ஆமா, பழக்க தோஷம். சரி, உங்கிட்ட சொல்றதுக்கென்ன. எங்க பொண்ணு பூர்ணிமா வேற ஜாதிப் பையனைக் கட்டிக்கிட்டு ஹுப்பள்ளிக்குப் போனாளில்ல, அன்னைக்கே இவர் சொல்லிட்டார், அவ பேரை வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு. நானும் வாயைத் தச்சுக்கிட்டுக் கிடந்தேன். அப்புறம் இவருக்குக் காது மந்தமாச்சு. மெஷின் போதலைன்னு கழட்டி அலமாரியில போட்டார். எனக்கு வழி பிறந்துச்சு. இவர் பக்கத்துல உக்காந்து ராகி முத்தேக் களியை முழுங்கிக்கிட்டு இருப்பார், நான் பாட்டுக்கு அவளோட போன்ல பேசிக்கிட்டு இருப்பேன்.

— அவர் முன்னாடியேவா?

— முன்னாடியேதான். தினமும். அப்படி இருந்த மனுஷன் போன வாரம் மெஷினைத் தேடி எடுத்துத் துடைச்சு வச்சுக்கிட்டு, சரி பண்ணியே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறார். இது சரியாயிடுச்சுன்னா எம் பொண்ணு எனக்கும் இல்லாமப் போயிடுவா, ரூபா. வயர் வேலை செய்யலைன்னு கையை விரிச்சுடு. பொய்யில்லையே.

— இந்த நிமிஷம் வரைக்கும் பொய்யில்ல. ஆனா என்னால முடியாதும்மா. நீங்க செருப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எப்படியாவது பண்ணிக் குடு தாயின்னு கேட்டார்.

— இவரா? கேட்டாரா?

— கண்ணு கலங்கிக் கேட்டார். இருங்க, நெட்டைத் துண்டிச்சுட்டேன். இனிமே இது யார்கிட்டயும் போய்ப் புதுசு வாங்கிட்டு வர முடியாது. டிரைவர் பட்டியல்ல பழசு இன்னும் கிடக்கு. நானே அதைத் தேர்ந்தெடுத்து... ம். முக்கோணம் போயிடுச்சு.

— ரூபா, வேண்டாம்மா.

— விளக்கு எரியுது. அவரும் பார்த்துட்டார், இனி நான் என்ன செய்ய? மாதேவப்பா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க. மெஷின் காதுலயே இருக்கட்டும். சத்தத்தை ஏத்தறேன். கேக்குதா?

— கேக்குது தாயி. ஃபேன் சுத்தறது கூடக் கேக்குது. நல்லா இருப்பே.

— சரி, ஆச்சில்ல. எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்.

— இரு, புட்டதாயி. காது போனவனுக்குக் கண்ணுமா போச்சு? நாலு மாசமா போனுக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்கே. வளந்த பொண்ணுக்கு யாரும் அப்படிக் குடுக்க மாட்டாங்க. அவ குழந்தைக்கு என்ன பேரு வச்சிருக்கா?